வாடிக்கையாளர் படிவமும் சங்கத்தின் பொறுப்பும்

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் நாணயத்தை அளந்தறிய ஐந்தொகை, தணிக்கை அறிக்கை, இருப்புப் பதிவேடு ஆகியவை உள்ளன. இவற்றை அங்கத்தினர் யாவரும் அறிவர். இக்காலத்தில் இவற்றோடு மற்றொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதுவே வாடிக்கையாளர் தம் கைபேசியில் நிரப்பி அனுப்பும் இணையவழிப் படிவமாகும்.

முன்னாளில் விற்பனை நிலையத்தின் படியேறி வந்தவர் துணியைத் தொட்டுப் பார்த்தார். முந்தானையை விரித்துப் பார்த்தார். ஐயம் இருப்பின் கேட்டறிந்தார். பணம் செலுத்தி ரசீது பெற்றுச் சென்றார். இன்றோ மதுரையில் இருப்பவரும் சிங்கப்பூரில் இருப்பவரும் இருந்த இடத்திலிருந்தே சேலைக்குச் சொல்லி அனுப்புகின்றனர். துணிக்கும் அவர்களுக்கும் இடையே நிற்பது ஒரு படிவம் மட்டுமே. விற்பனையாளர் வாய்மொழியாக விளக்கிய அனைத்தையும் அப்படிவமே விளக்க வேண்டும். வாங்குவோரிடம் அவர் கேட்டறிந்த அனைத்தையும் அப்படிவமே கேட்டறிய வேண்டும்.

இத்துணைப் பெரிய பணியைச் செய்யும் படிவத்தை நாம் எவ்வாறு அமைக்கிறோம்? வேறொரு நிறுவனத்தின் படிவத்தை அப்படியே எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, அடியில் சிறிய எழுத்தில் 'எவ்விதக் குறைக்கும் சங்கம் பொறுப்பாகாது' என்று ஒரு வரி சேர்த்துவிடும் வழக்கம் பரவலாகக் காணப்படுகிறது. அந்த ஒரு வரி சங்கத்தைக் காக்கும் என்று நிர்வாகிகள் நம்புகின்றனர். அந்நம்பிக்கை சட்டத்திலும் நிற்காது, வியாபாரத்திலும் நிற்காது. படிவம் என்பது பொறுப்பைக் கைகழுவும் தாள் அன்று. இரு தரப்பாரும் எதற்கு உடன்பட்டனர் என்பதை ஒளிவின்றிக் காட்டும் தாள் அது. இவ்வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நட்டம் யாருக்கு?

தெளிவற்ற படிவத்தால் முதலில் பாதிக்கப்படுபவர் தறியில் அமர்ந்திருக்கும் அங்கத்தினரே. வாடிக்கையாளர் ஒருவர் தாம் விரும்பிய நிறத்திலும் கரையிலும் ஒரு சேலை நெய்து தருமாறு கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நூல் சாயத்திற்குச் செல்கிறது, பாவு ஓட்டப்படுகிறது, பல நாள் உழைப்பில் சேலை உருவாகிறது. கைக்கு வந்ததும், 'நான் எண்ணிய நிறம் இதுவன்று' என்று அவர் திருப்பியனுப்புகிறார். அவர் எண்ணிய நிறம் எது, நாம் ஏற்ற நிறம் எது என்பதற்குப் படிவத்தில் சான்று இல்லை. ஒருவர் விருப்பப்படி நெய்த சேலை மற்றொருவருக்கு எளிதில் விலைபோவதில்லை. அது இருப்பில் தங்குகிறது, முதல் முடங்குகிறது, அடுத்த பாவுக்கு நூல் கொடுக்கச் சங்கம் தயங்குகிறது. ஒரு படிவத்தில் விடுபட்ட ஒரு கேள்வி நெசவாளர் வீட்டு அடுப்பு வரை சென்று எட்டுகிறது.

நிறமும் அளவும்

ஆகவே, பண்டத்தைப் பற்றிய கேள்விகள் ஐயத்திற்கு இடமின்றி அமைதல் வேண்டும். நிறத்தை எடுத்துக்கொள்வோம். மயில் கழுத்து, அரக்கு, மாம்பழ மஞ்சள் என்று நாம் கூறும் பெயர்கள் அழகானவை. ஆயினும் இருவர் மனத்தில் அவை ஒரே நிறத்தைத் தோற்றுவிப்பதில்லை. கைபேசித் திரைகளும் ஒன்று போல் மற்றொன்று நிறங்காட்டுவதில்லை. எனவே, சாயமிட்ட நூல் மாதிரிகளுக்கு எண்ணிட்டு, படிவத்தில் அவ்வெண்ணைத் தேர்ந்தெடுக்கச் செய்தல் நன்று. விலையுயர்ந்த சேலையாயின், மாதிரி நூலை அஞ்சலில் அனுப்பி, அதனைக் கண்டபின் ஒப்புதல் பெறுதல் இன்னும் நன்று.

அளவிலும் இத்தகைய குழப்பம் நேர்வதுண்டு. ஆறு கஜம் என்பது ஏறத்தாழ 5.49 மீட்டர், ஒன்பது கஜம் என்பது ஏறத்தாழ 8.23 மீட்டர். கஜத்தில் எண்ணுவோரும் உளர். மீட்டரில் எண்ணுவோரும் உளர். ஆதலின் இரண்டையும் அருகருகே குறித்தல் வேண்டும். இரவிக்கைத் துணி அந்நீளத்தில் அடங்குமா, தனியா என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நாள் குறிப்பதிலும் உண்மை வேண்டும். திறந்த வெளியில் பாவைப் பரப்பிக் கஞ்சியிட்டு உலர்த்தும் ஊர்களில் மழைக்காலத்தில் வேலை தடைப்படுதல் இயல்பு. 'பத்து நாளில் தருவோம்' என்று வாக்களித்துப் பின்னர் மன்னிப்புக் கோருவதைக் காட்டிலும், 'ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழையின் காரணமாகக் கூடுதல் நாள் ஆகலாம்' என்று படிவத்திலேயே கூறிவிடுதல் மேலானது.

விளைபொருள் விற்கும் சங்கங்களுக்கும் இது பொருந்தும். மஞ்சள் வேண்டுமெனில் விரலியா, கிழங்கா? எடை நம் கிடங்கில் நிறுத்ததா, வாங்குவோர் இடத்தில் நிறுத்ததா? வழியில் ஈரம் உலர்ந்து எடை குறைந்தால் அதனை ஏற்பவர் யார்? இம்மூன்றையும் முன்னரே கேட்டு எழுதிவிட்டால் பின்னர் எழும் வழக்குகளில் பெரும்பகுதி எழாமலே போகும்.

பெயரும் முகவரியும்

அயல்நாட்டு முறையில் அமைந்த படிவங்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டி, இரண்டையும் கட்டாயமாக்குகின்றன. நம் மக்களில் பெரும்பாலார்க்குக் குடும்பப்பெயர் என்பது இல்லை, தலைப்பெழுத்தே உண்டு. அவர்கள் தந்தையின் பெயரையோ ஊர்ப் பெயரையோ ஒரு புள்ளியையோ இட்டு அக்கட்டத்தை நிரப்புகின்றனர். பின்னர் அஞ்சல் உறையில் ஒரு பெயரும் வங்கிக் கணக்கில் மற்றொரு பெயருமாக நிற்கும். 'முழுப்பெயர், தலைப்பெழுத்துடன்' என்று ஒரே கட்டம் வைத்தால் இத்தொல்லை இல்லை.

தொலைபேசி எண் பத்து இலக்கமே இருத்தல் வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் படிவத்தில், எட்டு இலக்க எண் உடைய சிங்கப்பூர் அன்பர் தம் எண்ணை இட இயலாது. வாங்க வந்தவரை வாயிற்படியிலேயே திருப்பியனுப்பியது போலாகும். நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து எழுத இடம் அளித்தல் வேண்டும்.

ஒவ்வொரு கட்டத்தின் மேலும் அதில் எழுத வேண்டியது யாது என்பது நிலையாகத் தெரிய வேண்டும். கட்டத்தினுள் மங்கிய எழுத்தில் அமைந்து, எழுதத் தொடங்கியதும் மறைந்துபோகும் குறிப்புகள் முதியோரைத் தடுமாறச் செய்கின்றன. பிழை நேர்ந்தால், 'படிவம் தவறானது' என்று பொதுவாகக் கூறாமல், பிழை நேர்ந்த கட்டத்தின் அருகிலேயே திருத்தும் வழியைச் சொல்ல வேண்டும். கேள்விகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே வரிசையில் இருத்தல் கைபேசிக்கு ஏற்றது.

கேட்கத் தகாதவை

கேட்க வேண்டுவனவற்றை விடாமல் கேட்பது எத்துணை முக்கியமோ, வேண்டாதவற்றைக் கேளாதிருப்பதும் அத்துணை முக்கியம். ஒரு சேலை விற்பதற்கு ஆதார் எண் எதற்கு? பிறந்த தேதி எதற்கு? ஒவ்வொரு கேள்வியையும் எடுத்து, 'இவ்விடையைச் சங்கத்தில் யார், எந்த வேலைக்குப் பயன்படுத்துவார்?' என்று கேட்டுப் பார்க்க வேண்டும். விடை இல்லையெனில் அக்கேள்வியை அடித்துவிட வேண்டும்.

இது மரியாதையின் பாற்பட்டது மட்டுமன்று. சட்டத்தின் பாற்பட்டதும் ஆகும். 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கூறப்பட்ட நோக்கத்திற்குத் தேவையான தகவல்களுக்கு மட்டுமே ஒப்புதல் பொருந்தும் என்கிறது. ஒப்புதல் கட்டாயமற்றதாகவும், குறித்த நோக்கத்திற்கு உரியதாகவும், விவரம் அறிந்து தெளிவாகத் தரப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். அதனைத் தந்தவர் பின்னர் திரும்பப் பெற விரும்பினால், தந்தது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதில் திரும்பப் பெறவும் வழியிருக்க வேண்டும். ஒப்புதல் வேண்டுகோளை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பை அளிக்கவும் அச்சட்டம் கோருகிறது. தமிழ் அவ்வட்டவணையில் உள்ள மொழியாகும். தமிழ்நாட்டுச் சங்கத்தின் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருப்பதற்கு இனிச் சமாதானம் கூற இயலாது. இச்சட்டத்திற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பெற்று, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன. ஆதலின் படிவங்களைத் திருத்தி அமைக்க இதுவே தக்க காலம்.

பொறுப்பு விலக்கு ஷரத்தின் வலிமை

இனி 'சங்கம் பொறுப்பாகாது' என்னும் அந்த ஒரு வரிக்கு வருவோம். இதைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் முன்னமே தீர்ப்பளித்திருக்கிறது. அவ்வழக்கும் ஒரு சேலையைப் பற்றியதே. வாடிக்கையாளர் ஒருவர் புதிய சேலை ஒன்றைச் சலவை நிலையத்தில் கொடுத்தார். சேலை காணாமற்போயிற்று. பொருள் தொலைந்தால் அதன் மதிப்பில் ஒரு சிறு பங்கு மட்டுமே தரப்படும் என்று ரசீதின் பின்புறம் அச்சிடப்பட்டிருந்தது. அந்த ஷரத்து பொதுநலக் கொள்கைக்கும் ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படைகளுக்கும் மாறானது என்று நீதிமன்றம் கூறி, அதனை ஏற்க மறுத்தது. 1966ஆம் ஆண்டின் அகில இந்தியத் தீர்ப்புத் தொகுப்பில் இத்தீர்ப்பு வெளியாகியுள்ளது. இதன் நியாயம் எளிதில் விளங்கும். அத்தகைய ஷரத்து செல்லுமாயின், கவனக்குறைவே இலாபம் தரும் தொழிலாகிவிடும் அன்றோ?

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இக்கருத்தை மேலும் வலுப்படுத்தியது. நுகர்வோரின் உரிமைகளில் பெரும் மாற்றம் விளைவிக்கும் ஒருதலைப்பட்சமான ஒப்பந்தங்களை 'நேர்மையற்ற ஒப்பந்தம்' என அது வரையறுத்தது. குறையுள்ள பொருளை, ரசீதில் குறித்த காலத்திற்குள்ளோ, காலம் குறிக்கப்படாவிடில் முப்பது நாட்களுக்குள்ளோ திரும்பப் பெற்றுப் பணம் தர மறுத்தலை நேர்மையற்ற வணிக முறை என்றது. நுகர்வோர் நம்பிக்கையாகத் தந்த தனிப்பட்ட தகவலைச் சட்டப்படியன்றிப் பிறருக்கு வெளியிடுதலையும் அதே வகையில் சேர்த்தது. மேற்கூறிய 2023ஆம் ஆண்டுச் சட்டமும் ஓர் உதாரணம் வாயிலாக இதனைத் தெளிவாக்குகிறது. காப்பீடு வாங்கும் ஒருவர், தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் முறையிடும் உரிமையையும் விட்டுக்கொடுப்பதாக ஒப்புதல் அளித்தாலும், ஒப்புதலின் அப்பகுதி செல்லாது.

அங்ஙனமாயின், படிவத்தில் நிபந்தனையே இடக்கூடாதா? இடலாம், இட வேண்டும். உண்மையைக் கூறும் நிபந்தனையாக அது இருக்க வேண்டும் என்பதே செய்தி. 'துணியில் காணும் எவ்விதக் குறைக்கும் சங்கம் பொறுப்பாகாது' என்பதற்குப் பதிலாகக் கீழ்க்கண்டவாறு எழுதிப் பார்ப்போம்:

'இச்சேலை கைத்தறியில் நெய்யப்பட்டது. ஆங்காங்கே இழை சற்றுத் தடித்தோ மெலிந்தோ காணப்படலாம். அது கைநெசவின் இயல்பு. கிழிசல், கறை, அளவுக் குறைவு, சாயம் கசிதல் ஆகியவை இருந்தால், பெற்ற நாளிலிருந்து பதினைந்து நாட்களுக்குள் தெரிவியுங்கள். மாற்றித் தருவோம், அல்லது பணத்தைத் திருப்பித் தருவோம். தங்கள் விருப்பப்படி நெய்யும் சேலைக்கான கட்டளையை, நூல் சாயத்திற்குச் செல்லும் வரை ரத்துச் செய்யலாம். அந்நாளை முன்கூட்டியே தங்களுக்குத் தெரிவிப்போம்.'

முதல் வாசகம் வாங்குவோரை அச்சுறுத்துகிறது; வழக்கென்று வந்தால் சங்கத்திற்கும் உதவுவதில்லை. இரண்டாவது வாசகமோ எது குறை, எது குறையன்று என்பதைப் பிரித்துக் காட்டுகிறது. இயல்பான இழை வேறுபாட்டைக் காட்டிச் சேலையைத் திருப்பியனுப்புவோரிடமிருந்து நெசவாளரைக் காக்கிறது. உண்மையான குறை கண்டவரையும் கைவிடவில்லை. பொறுப்பின் எல்லையை வரைவது வேறு. பொறுப்பையே துறப்பது வேறு.

தறிக்கூடம் காண வருவோர்

அண்மைக் காலத்தில் பள்ளி மாணவரும் சுற்றுலாப் பயணிகளும் தறிக்கூடங்களையும் சாயப் பட்டறைகளையும் காண வருகின்றனர். அவர்களிடம் பெறும் படிவத்திலும் இதே நெறி வேண்டும். அப்படிவத்தின் முதற்பணி, ஆபத்தை முன்கூட்டி அறிவித்தலாகும். சாயத் தொட்டியில் கொதிநீர் உண்டு. குழித்தறியின் அருகே கால் இடறலாம். ஓடும் நாடாவின் அருகே கை நீட்டலாகாது. வழிகாட்டியின்றி உள்ளே செல்லலாகாது. இவற்றைச் சிறு வாக்கியங்களில் எழுதி, படித்தறிந்ததற்கு ஒப்புதல் பெற வேண்டும். அவசர காலத்தில் அழைக்க வேண்டியவரின் எண்ணையும் பெற்றுக்கொள்ளலாம்.

ஆயினும் கையொப்பம் பெற்றுவிட்டோம் என்று தொட்டியைச் சுற்றித் தடுப்பு வையாமல் இருத்தல் கூடாது. நம் கவனக்குறைவால் ஒருவர் காயமுற்றால் தாள் நம்மைக் காக்கும் என்று எண்ணுதல் பேதைமை. பிரிட்டனில் 1977ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, வணிகத்தில் கவனக்குறைவால் விளையும் மரணத்திற்கும் காயத்திற்கும் உள்ள பொறுப்பை எந்த ஒப்பந்த வாசகத்தாலும் அறிவிப்பாலும் விலக்கிக்கொள்ள இயலாது என்று வெளிப்படையாகவே கூறுகிறது. நமக்கும் அது நல்ல வழிகாட்டி. மாணவர் வகையில், வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று பிரிவி கவுன்சில் 1903இல் அளித்த தீர்ப்பையும் நினைவிற் கொள்ள வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதோரின் தகவல்களைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் தேவை என்று புதிய தரவுச் சட்டமும் கூறுகிறது. எனவே மாணவரின் கையொப்பத்தை நம்பாமல், பெற்றோருக்கும் பள்ளிக்கும் படிவத்தை முன்னரே அனுப்புதல் முறை.

ஒப்புதல் பெறும் முறை

நிபந்தனை எப்போது காட்டப்படுகிறது என்பதும் முக்கியம். இங்கிலாந்தில் 1970இல் ஒரு வழக்கு தீர்க்கப்பட்டது. தானியங்கிப் பொறி ஒன்று சீட்டு வழங்கும் வாகன நிறுத்துமிடத்தில் ஒருவர் காயமுற்றார். பொறுப்பு விலக்கு நிபந்தனைகளோ நிறுத்துமிடத்தின் உள்ளே ஒட்டப்பட்டிருந்தன. சீட்டு வெளிவந்தபோதே ஒப்பந்தம் முடிந்துவிட்டது. பின்னர் காட்டிய நிபந்தனை அவரைக் கட்டாது என்று நீதிமன்றம் கூறிற்று. இணையவழிப் படிவமும் ஒரு தானியங்கிப் பொறியே. பணம் பெற்ற பின்னர் மின்னஞ்சலில் நிபந்தனைகளை அனுப்பும் சங்கம் இவ்வழக்கை எண்ணிப் பார்க்க வேண்டும். நிபந்தனை முன்னே, பணம் பின்னே. இதுவே வரிசை.

ஒப்புதல் கட்டத்தில் நாமே சரிக்குறி இட்டு வைத்திருத்தலும் கூடாது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், முன்னரே குறியிட்ட கட்டங்களின் வாயிலாகப் பெறும் ஒப்புதலை வெளிப்படையாகத் தடை செய்கின்றன. வாங்குவோர் தாமே குறியிட வேண்டும். சேலை வாங்குவதற்கான ஒப்புதலும், இனி வரும் தள்ளுபடிச் செய்திகளை அனுப்புவதற்கான ஒப்புதலும் தனித்தனிக் கட்டங்களாக இருத்தல் வேண்டும். இரண்டாவதற்கு இசையாதவர்க்கும் சேலை விற்கத்தான் வேண்டும். குறைகளைக் கேட்கும் அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் தெரியும்படி இருக்க வேண்டும். முறையீடு வந்த 48 மணி நேரத்திற்குள் பெற்றமைக்கு அறிவிப்புத் தந்து, ஒரு மாதத்திற்குள் குறை தீர்க்க வேண்டும் என்பதும் அவ்விதிகளில் அடங்கும்.

படிவங்களைக் காத்தல்

மின்வழி ஒப்பந்தம் என்ற காரணத்தால் மட்டுமே ஓர் ஒப்பந்தம் செல்லாமற் போகாது என்பது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10அ பிரிவு கூறும் உறுதி. ஆயினும் அதனை நிரூபிக்கப் பதிவு வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவுகளைச் சான்றாகத் தாக்கல் செய்கையில் உரிய சான்றிதழும் இணைக்கப்பட வேண்டும். ஆகவே நிரப்பிய படிவத்தின் பிரதி ஒன்று நாளும் நேரமும் குறித்து வாடிக்கையாளருக்குச் செல்ல வேண்டும். மற்றொன்று சங்கத்தில் இருக்க வேண்டும். படிவத்தைத் திருத்துந்தோறும் அதன் பதிப்பு எண்ணை மாற்றிப் பழைய பதிப்பையும் காத்து வைக்க வேண்டும். எந்த நாளில் எந்த வாசகத்திற்கு ஒருவர் உடன்பட்டார் என்பது அப்போதுதான் விளங்கும்.

கூகுள் ஃபார்ம்ஸ் போன்ற கருவிகளால் செலவின்றியே படிவம் அமைக்கலாம். ஆனால் அது எவர் கணக்கில் அமைகிறது என்பதில் விழிப்பு வேண்டும். எழுத்தர் ஒருவரின் சொந்த மின்னஞ்சல் கணக்கில் அமைத்தால், அவர் பணியிலிருந்து விலகும் நாளில் சங்கத்தின் ஆவணங்களும் அவருடன் சென்றுவிடும். ரொக்கப் பெட்டியின் சாவியை எவரும் தம் வீட்டிற்கு எடுத்துச் செல்வதில்லை. அதுபோலவே கணக்கு சங்கத்தின் பெயரில் இருத்தல் வேண்டும். கடவுச்சொல் பொறுப்பாளர் இருவர்க்கு மட்டும் தெரிதல் வேண்டும். பொறுப்பாளர் மாறும்போது அதுவும் மாறுதல் வேண்டும். விடைகள் சேரும் அட்டவணையை, இணைப்பு கிடைத்தவர் எவரும் திறந்து பார்க்கும்படி விட்டுவைத்தலாகாது. எத்தனை ஆண்டு தகவல்களை வைத்திருப்பது, எப்போது அழிப்பது என்பதை நிர்வாகக் குழு தீர்மானமாகப் பதிவு செய்தல் நலம்.

சங்கங்கள் செய்யத்தக்கது

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே தங்கள் படிவத்தை அச்சிட்டு மேசைமீது வைத்து, வரி வரியாகப் படித்துப் பாருங்கள். நெசவாளர் ஒருவரையும், வாடிக்கையாளர் ஒருவரையும், கைபேசியில் அதிகம் பழகாத முதியவர் ஒருவரையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். முதியவர் பிறர் உதவியின்றி அதனை நிரப்ப முடிகிறதா? வாடிக்கையாளர், தாம் எதற்கு உடன்படுகிறோம் என்பதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்ல முடிகிறதா? நெசவாளர், நிரப்பிய படிவத்தை மட்டும் பார்த்து, வேறெவரையும் கேளாமல் தறியேற முடிகிறதா? மூன்றிற்கும் 'ஆம்' என்னும் விடை கிடைக்கும் வரை திருத்துங்கள்.

தனியார் நிறுவனத்திற்கு வாடிக்கையாளர் ஒருவரை இழத்தல் ஒரு விற்பனையின் இழப்பு. நமக்கோ அது ஓர் அங்கத்தினரின் வேலை நாளின் இழப்பு. நல்ல படிவம் அமைக்கப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. இரு மாலைப் பொழுதுகளும், உண்மையை உள்ளபடி எழுதும் துணிவும் போதும். கூட்டுறவு நம்பிக்கையின்மேல் எழுந்த இயக்கம். நம் பெயரைத் தாங்கி வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் செல்லும் ஒவ்வொரு படிவமும் அந்நம்பிக்கைக்குச் சாட்சியாக அமையட்டும்.